மரப்படை – 9: பைனைக் காக்கப் புதரைப் பிடுங்கியவர்கள்

வேலையில்லா இளைஞர்களைக் காட்டு வேலைக்கு அனுப்ப அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அமைத்த மரப்படை 1933 ஏப்ரலில் கிளம்பிய கதையும், மாதச் சம்பளம் 30 டாலரில் 25 டாலர் பையனின் கைக்கு வராமலே வீட்டுக்குப் போன கதையும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் கறுப்பின இளைஞர்களின் முகாம்களுக்குள் போவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்புகளைப் புரட்டும்போது இடையில் வேறொரு செய்தி கையைப் பிடித்துக்கொண்டது. நான்கு நாளாகியும் விடவில்லை.

மரம் நட வந்த படை, ஆண்டுக்கணக்காகச் செடி பிடுங்கியிருக்கிறது.

பைன் மரங்களில் ஊசியிலைகள் ஐந்தைந்தாக முளைக்கும் வகைகள் உண்டு. வெள்ளை பைன், சுகர் பைன் எல்லாம் அந்தச் சாதி. இவற்றைக் கொல்லும் ஒரு துரு நோய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாற்றுகளோடு வட அமெரிக்காவுக்குள் வந்துவிட்டது. ஊசியிலை வழியாக நுழையும் பூஞ்சை, கிளைக்கு இறங்கி, அங்கிருந்து அடிமரத்துக்கு வந்து, பட்டையைச் சுற்றிலும் புண்ணாக்கி மரத்தைச் சாகடிக்கும்.

ஆனால் ஒரு பைனிலிருந்து பக்கத்துப் பைனுக்கு அதனால் தாவ முடியாது! நடுவில் ரைப்ஸ் என்ற புதர் வேண்டும். கூஸ்பெர்ரியும் கரண்ட் என்ற சிறுபழமும் காய்க்கும் குடும்பம் அது. கூஸ்பெர்ரியை நாம் நெல்லி என்று மொழிபெயர்த்தாலும் நம் நெல்லிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பைனில் உண்டாகும் பூஞ்சை வித்து காற்றில் வெகுதூரம் பறந்து போய் ரைப்ஸ் இலையில் குடியேறும். அங்கே வேறு வடிவம் எடுத்து மறுபடி பைனைத் தேடிக் கிளம்பும் வித்து மட்டும் நோஞ்சான். வெயில் பட்டால் காய்ந்து போகும். பெரும்பாலும் முந்நூறு மீட்டர் தாண்டாது. அப்படியானால் பைன் காட்டிலும் அதைச் சுற்றியும் ரைப்ஸ் இல்லாமல் செய்துவிட்டால் போதும், நோய்க்குத் திரும்பி வர வழியில்லை. இந்தக் கணக்கின் அழகில்தான் நான் நான்கு நாளாகச் சிக்கிக் கிடக்கிறேன்.

கணக்குப் போட்டவர்கள் தாவரவியலாளர்கள். முதுகு வளைத்தவர்கள் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். ஐடஹோவின் செயின்ட் ஜோ, கிளியர்வாட்டர் காடுகளில் இதற்கென்றே முகாம்கள் இருந்தன. நியூயார்க், நியூ ஜெர்சி தெருக்களில் வளர்ந்து, நாட்டின் மறுகோடிக்கு ரயிலேறி வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். மலைச்சரிவில் நூல் கட்டிப் பாத்தி பிரிப்பார்கள். வரிசையாக நின்று, ஆளுக்கொரு பட்டையாகத் தேடிக்கொண்டே மேலே ஏற வேண்டும். புதரைக் கண்டால் வேரோடு எடுக்க வேண்டும், ஒரு துண்டு வேர் தங்கினாலும் மறுபடி தளிர்த்துவிடும். பிறகு ஒருவர் வந்து விட்டுப்போனவை உண்டா என்று சரிபார்ப்பார். நாள் முழுக்க இதே வேலை. கூலி, நாளுக்கு ஒரு டாலர்.

அந்த ஒரு டாலரைத்தான் தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் கிரீன் எதிர்த்தார். உழைப்பின் விலையையே இது இறக்கிவிடும் என்பது அவர் அச்சம். அச்சத்தில் நியாயம் இருந்தது. ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? இயந்திரத் தொழிலாளர் சங்கத் தலைவர்களில் ஒருவரான ராபர்ட் ஃபெக்னரையே படைக்கு இயக்குநராக்கிவிட்டார்.

பிடுங்கியதால் நோய் நின்றதா? கிழக்கே ஓரளவு பலன் இருந்தது. மேற்கு மலைகளில் தோற்றது. ரைப்ஸ் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும், மண்ணைக் கிளறினால் எழுந்துவிடும். செடியைப் பிடுங்கிய அதே கை அடுத்த செடியை விதைத்துக்கொண்டிருந்தது. 1960களின் இறுதியில் மேற்கே இந்த வேலையைக் கைவிடத் தொடங்கினார்கள். அதற்குள், நோய் தின்ற காட்டிலும் வாடாமல் நிற்கும் ஓரிரு பைன்களைத் தேடி, அவற்றின் விதையிலிருந்து நோய் தாங்கும் கன்றுகளை வளர்க்கும் முயற்சி ஐடஹோவில் தொடங்கியிருந்தது. இன்றைய நம்பிக்கை அந்த வழியில்தான் இருக்கிறது. ஆனாலும் உயர்மலையில் வளரும் வெள்ளைப்பட்டை பைன், 2022 டிசம்பரில் அழிவு அச்சுறுத்தலில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதற்கான காரணங்களில் முதலிடம் இந்தத் துரு நோய்க்குத்தான்.

அந்தப் பையன்களின் உழைப்பு வீண் என்று எழுத என் கை வரவில்லை. பட்டினியோடு வந்தவர்கள் முதல் சில மாதங்களில் சராசரியாக ஐந்து கிலோ எடை கூடினார்கள். புதர் மறுபடி முளைத்த மலையிலிருந்தும் 25 டாலர் மாதம் தவறாமல் வீடு போய்ச் சேர்ந்தது. அந்தப் பணம் முளைக்காத புதருக்கும் முளைத்த புதருக்கும் ஒன்றுதான்.

இடம் முடிந்துவிட்டது. கறுப்பின இளைஞர்களின் முகாம்களுக்கு அடுத்த வாரம் கட்டாயம் போவோம். மரப்படை கிளம்பிய காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட். ஆள் சேர்ப்பதில் நிறபேதம் கூடாது என்ற வரியை 1933-லேயே படையை உருவாக்கிய சட்டத்தில் சேர்க்க வைத்தவர் அவர். அந்த வரி அப்படியே இருக்கும்போதுதான், 1935-ல் ஃபெக்னர் முகாம்களை நிறவாரியாகப் பிரித்தார்.

(தொடரும்)