சவரக் கத்தியின் அகலமும் வியாபாரியின் சொல்லும்

இரும்புக்கடை நடத்துபவர்களுக்கு "நூல்" கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஓர் அங்குலத்துக்கு 8 நூல். 4 நூல் கம்பி என்றால் அரை அங்குலம். மெட்ரிக் முறை வந்து பல தசாப்தங்கள் கடந்தும் மேசன்மாரும் தச்சர்மாரும் இந்தக் கணக்கை விடவில்லை. இதே எட்டில் ஒரு பங்குக் கணக்கில்தான் உலகம் முழுவதும் இன்னொரு பொருளும் விற்கப்படுகிறது. அது மடக்குச் சவரக் கத்தி.

நம் ஊர்ச் சலூன்களில் இன்று பெரும்பாலும் பிளேட் மாற்றும் கத்திதான் பாவனையில் உள்ளது. என்றாலும் தீட்டிப் பாவிக்கும் பழைய வகைக் கத்தியை விரும்பி வாங்குவோர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். ஜேர்மனியின் சோலிங்கன் நகரில் இன்றும் அதைச் செய்கிறார்கள். அந்நகரத்தினதும் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தினதும் பழைய கத்திகளுக்குத் தனியான சந்தையே உண்டு. பழைய சாமான் வியாபாரம் செய்பவரின் கைக்கு இப்படியொன்று எப்போதாவது வரலாம். அப்போது வாங்குபவர் முதலில் கேட்பவற்றில் ஒன்று: "அகலம் எத்தனை?"

அகலம் என்பது கத்தியின் முதுகிலிருந்து வாய் வரையுள்ள தூரம். நீளத்துக்கும் கைப்பிடிக்கும் இதில் சம்பந்தமில்லை. 4/8 என்றால் 12.7 மில்லிமீற்றர். 5/8 சுமார் 15.9, 6/8 சுமார் 19, 7/8 சுமார் 22.2. 8/8 என்பது முழு அங்குலம், 25.4 மில்லிமீற்றர். பள்ளிக்கூடக் கணக்கில் 6/8ஐ 3/4 என்று சுருக்குவோம். இந்த வியாபாரத்தில் பெரும்பாலும் அப்படிச் சுருக்குவதில்லை. கீழே எப்போதும் 8 நின்றால், மேலுள்ள எண்ணைப் பார்த்தவுடனேயே எது அகலம், எது ஒடுக்கம் என்று தெரிந்துவிடும். ஜேர்மனி 1872இலேயே மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆனாலும் சோலிங்கன்காரர் கத்தியை அங்குலக் கணக்கிலேயே விற்கிறார்கள். வாங்குபவருக்குப் பழகிய மொழியில் பேசுவதே வியாபாரம்.

இந்த எண் வெறும் அலங்காரமல்ல. ஒடுங்கிய கத்தி பாரம் குறைந்தது. மூக்குக்குக் கீழேயும் மீசை ஓரத்திலும் எளிதாகத் திரும்பும். அகன்ற கத்தி அதிக நுரையைத் தாங்கும்; அதன் பாரமே பாதி வேலையைச் செய்யும். புதிதாகப் பழகுவோருக்கு 5/8 அல்லது 6/8 ஏற்றது என்பார்கள்.

சிக்கல் பழைய கத்தியில்தான் வருகிறது. இதைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படும்படி படுக்க வைப்பார்கள். ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் இரும்பு தேயும். பல வருடங்கள் தீட்டிய பின்னர், 6/8 ஆகப் பிறந்த கத்தி 17.5 மில்லிமீற்றரில் வந்து நிற்கலாம். அது ஐந்தரை நூல்தான். ஆனால் கத்தியிலோ பெட்டியிலோ பொறித்த 6/8 தேயாமல் அப்படியே இருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பி விலை பேசினால், வாங்குபவர் வீட்டில் அளந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். அல்லது இனி ஒருபோதும் வரமாட்டார். இரண்டாவதுதான் பெரிய நட்டம்.

ஆகவே விலை சொல்லும் முன் அளந்துவிடுங்கள். பிடிப்பக்கம், நடு, நுனி என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றும் ஒத்துவராவிட்டால், ஒரு பக்கம் கூடுதலாகத் தீட்டப்பட்டிருக்கலாம். சில கத்திகளைச் செய்யும்போதே வாயை வளைவாகவும் செய்வதுண்டு. முதுகில் பட்டையாகத் தேய்ந்த தடம் அகலமாக இருந்தால், கத்தி நிறையக் கல்லைக் கண்டிருக்கிறது என்று அர்த்தம். இரும்பு வேனியரை வாயில் அழுத்தினால் வாய் முறியும். பிளாஸ்டிக் வேனியர் நல்லது. அதுவும் இல்லாவிட்டால் மில்லிமீற்றர்க் கட்டம் போட்ட தாளில் கத்தியைப் படுக்க வைத்து எண்ணினால் போதும்.

பெயருக்காக நடந்த போட்டியும் இந்தத் தொழிலில் உண்டு. ஜேர்மனியில் செய்த மலிவுக் கத்திகளில் ஷெபீல்ட் பெயரைப் பொறித்து விற்கிறார்கள் என்று ஆங்கிலேயத் தொழிலாளர்களும் முதலாளிகளும் முறையிட்டார்கள். பிரித்தானியா 1887இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவர இந்த முறைப்பாடுகளும் ஒரு காரணம். "மேட் இன் ஜேர்மனி" என்ற சொல் உலகச் சந்தையில் பரவியது அதன் பின்னர்தான். பிற்காலத்தில் சோலிங்கனின் பெயரே மற்றவர்கள் திருடும் அளவுக்கு மதிப்புப் பெற்றது. 1938இல் அந்தப் பெயரைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றினார்கள்.

ஊர்ப் பெயருக்குச் சட்டக் காவல் கிடைத்தது. தேய்ந்த அகலத்துக்கு அப்படி யாரும் காவலில்லை. அதை விற்பவர்தான் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டில் "பொறித்த அளவு 6/8, தற்போதைய அகலம் 17.5 மி.மீ." என்று எழுதிக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் பொருள் திரும்பி வராது. ஆள் திரும்பி வருவார். கத்தி விற்காதவர்களும், கழுவினால் சுருங்கும் துணிக்கும் காய்ந்தால் எடை குறையும் சரக்குக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.