புழுவைத் தின்னக் கப்பலில் வந்த குருவி!

கூரை இடுக்கில் கூடு கட்டும் சிட்டுக்குருவியை நம் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவிலும் இன்று அதை ஊர் ஊராகப் பார்க்கலாம். ஆனால், அது அந்த நாட்டுப் பறவை அல்ல. கப்பல் ஏறிப் போன பறவை!

அதை வரவழைத்தவர்கள் யார்? எதற்காக?

மரத்தில் இருந்த புழுவைத் தின்பதற்காக!

தோளில் விழுந்த புழு

நியூயார்க், புரூக்ளின், பிலடெல்பியா ஆகிய நகரங்களில், நிழலுக்காகத் தெரு ஓரத்தில் மரங்கள் வளர்த்தார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில், அந்த மரங்களைக் காவடிப்புழு பிடித்தது.

நடக்கும்போது உடம்பைக் காவடி போல வளைப்பதால் அதற்கு இந்தப் பெயர். ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு அது. இலையைத் தின்று தீர்த்தது. நிழலுக்கு வைத்த மரம் மொட்டையாக நின்றது. பிறகு நூல் விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. தெருவில் போனவர்களின் தொப்பியில் புழு. தோளில் புழு. பெண்கள் மரத்தடியில் நடக்கவே கூசினார்கள்.

எட்டு ஜோடிக் குருவி

குருவியைக் கொண்டு வந்தால் புழுவைத் தின்றுவிடும் என்று சிலர் நினைத்தார்கள். 1850-ம் ஆண்டில் 'புரூக்ளின் இன்ஸ்டிடியூட்' என்ற கழகத்தார், இங்கிலாந்தில் இருந்து 8 ஜோடிச் சிட்டுக்குருவிகளை வரவழைத்தனர். கூண்டில் வைத்துக் காப்பாற்றி, 1851-ல் பறக்க விட்டார்கள். அவை பெருகவில்லை.

கழகத்தார் சளைக்கவில்லை. பணம் திரட்டி மறுபடியும் குருவி வாங்கினார்கள். இந்தத் தடவை அவை பெருகின. மற்ற ஊர்களும் ஆசைப்பட்டன. 1869-ல் பிலடெல்பியா நகரம் மட்டும் 1,000 குருவிகளை வரவழைத்தது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது! காவடிப்புழு குறைந்து மறைந்தது. மக்கள் குருவிக்கு மரப்பெட்டியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

புழு போய்ப் புழு வந்தது

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே மரங்களில் வேறு ஒரு புழு தோன்றியது. உடம்பு முழுவதும் ரோமம். நம் ஊர் முருங்கை மரத்தில் அப்பிக்கொண்டு இருக்குமே, அதைப் போன்ற ஒரு கம்பளிப்புழு!

குருவி வழவழப்பான புழுவைத் தின்னும். கம்பளிப்புழுவைத் தொடாது. காவடிப்புழு காலி செய்த வீட்டில் கம்பளிப்புழு குடியேறியது. மரங்கள் மறுபடியும் மொட்டை!

குருவி என்ன செய்தது? அதற்கு முக்கிய உணவு தானியம்தான். புழு பூச்சியை அது பெரும்பாலும் தன் குஞ்சுகளுக்கு ஊட்டும். எனவே வயலுக்குப் போய்த் தானியத்தைத் தின்றது. அந்த நாட்டுப் பறவைகளை விரட்டிவிட்டு, அவற்றின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. 1889-ல் அமெரிக்க விவசாய இலாகா, குருவியால் வந்த கேடுகளைப் பெரிய புத்தகமாகவே வெளியிட்டது. அதை ஒழிக்கும் வழியும் அதில் இருந்தது!

குற்றம் குருவியுடையது அல்ல. அதன் தீனி எது என்று சரியாக அறியாமல் அழைத்து வந்தவர்கள் மனிதர்கள்.

நடந்து ஏறும் தாய்ப்பூச்சி

இனி வேறு ஓர் ஊருக்குப் போவோம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்ற நகரம் இருக்கிறது. ஓக் மரங்கள் நிறைந்த ஊர். அங்கேயும் ஒரு வகைக் காவடிப்புழு தொல்லை கொடுத்தது.

இந்தப் புழுவின் தாய்ப்பூச்சிக்கு இறக்கை இல்லை. குளிர் தொடங்கும் காலத்தில் மண்ணில் இருந்து வெளியே வரும். அடிமரத்தில் நடந்தே ஏறும். கிளையில் முட்டையிடும்.

நடந்து போகிற திருடனைப் பிடிக்க, வழியை மறித்தால் போதுமே! அடிமரத்தைச் சுற்றி ஒரு பட்டை கட்டுகிறார்கள். சந்து இல்லாதபடி உள்ளே பஞ்சு வைக்கிறார்கள். பட்டையின் மேல் பசை தடவுகிறார்கள். ஏறும் பூச்சி ஒட்டிக்கொள்ளும்.

பசையில் சருகு விழுந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சிக்கு அதுவே பாலம்! அடுத்த வீட்டுக்காரரும் பட்டை கட்ட வேண்டும். அவர் மரத்தில் பொரித்த குஞ்சுப்புழு, நூல் விட்டுக் காற்றில் மிதந்து உங்கள் மரத்துக்கு வந்துவிடும்.

அளவுக்கு மீறிப் புழு பெருகினால்? 2008-ல் சார்லட் நகரத்தின் மேல் விமானம் மருந்து தெளித்தது. அது ஒரு பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுவின் நோயை ஆராய்ந்தபோது தெரிய வந்தது. இலையோடு அதைத் தின்ற புழுவின் குடல் கெடும். தீனியை நிறுத்திவிட்டுச் சில நாளில் சாகும். மனிதர் குடலை அது அப்படிக் கெடுப்பதில்லை. ஆனால், வண்ணத்துப்பூச்சியின் புழுவையும் அது கொன்றுவிடும். ஆகவே, புழு சிறிதாக இருக்கும் நாள் பார்த்து, அளவோடு தெளிக்க வேண்டும்.

கண் எதிரே இருந்த வழி

ஒரு தடவை இலை போனால் நல்ல மரம் மறுபடி தளிர்க்கும். வருஷா வருஷம் போனால் நலிந்துவிடும். எனவே, மருந்தைத் தேடும் முன்பு, வந்திருப்பது எந்தப் புழு, அதன் தாய் எங்கே முட்டையிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

குருவி தொடாத அந்தக் கம்பளிப்புழுவின் தாய்க்கும் இறக்கை இல்லை! தான் வெளிவந்த கூட்டின் மேலேயே, வெள்ளை நுரை பூசி முட்டையிடும். குளிர் காலம் முழுவதும் அது அடிமரத்தில் பளிச்சென்று தெரியும். கையால் சுரண்டி எடுத்துவிடலாம். அதற்குக் கப்பலும் வேண்டாம், குருவியும் வேண்டாம்!