அடுப்பில் விழுந்த காளான்

அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதர் 1918-இல் எழுதிய நாவல் ‘மை ஆன்டோனியா’. அதில் ஒரு காட்சி. பொஹீமியாவிலிருந்து நெப்ராஸ்கா புல்வெளியில் குடியேறிய ஏழைக் குடும்பம். பசிக்கு உதவிய பக்கத்துப் பண்ணைக்காரப் பாட்டிக்கு அந்த வீட்டம்மா, பொத்திப் பொத்தி வைத்திருந்த எதையோ ஒரு கோப்பை அள்ளிக் கொடுக்கிறாள். பழுப்பாக, சருகுபோல இருக்கிறது. இன்னதென்று தெரியாத பாட்டி, வீட்டுக்கு வந்ததும் அதை அடுப்பில் போட்டுவிடுகிறாள். அது உலர்ந்த காளான் என்பது பேரனுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிகிறது!

அந்த வீட்டு மகள்தான் ஆன்டோனியா. அப்பா தற்கொலை செய்துகொண்ட பிறகு, அவளே ஏர் பிடித்து உழுகிறாள். பின்பு ஊருக்குள் வீட்டுவேலைக்குப் போகிறாள். இப்படிப்பட்ட பெண்களின் சம்பளம்தான் பல பண்ணைகளின் கடனை அடைத்தது என்கிறது நாவல்.

கேதரும் ஒன்பது வயதில் வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு வந்தவர். அவருக்குத் தெரிந்த அன்னா பவெல்கா என்ற செக் பெண்ணே ஆன்டோனியாவுக்கு மாதிரி. அன்னா வாழ்ந்த பண்ணை வீடு நெப்ராஸ்காவில் இன்னும் இருக்கிறது.