பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டி



"வலியே இல்லையே ஐயா, இதுக்கு எதுக்கு ஊசி?" அமிர்திக்கு மேலேயுள்ள ஒரு மலைக்கிராமத்திலிருந்து தன் மகளை அழைத்துவந்த தாய் எங்களிடம் இப்படிக் கேட்டார். பிள்ளையின் கழுத்தின் முன்புறம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. தண்ணீர் குடிக்கும்போது அது மேலேறி இறங்கியது. அப்படி அசைந்தால் அது பெரும்பாலும் தைராய்டு சுரப்பியில் உள்ள கட்டி.

பெரியவர்களுக்கு, விசேஷமாகப் பெண்களுக்கு, இத்தகைய கட்டிகள் சாதாரணம். அவற்றில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே புற்றுநோய். பிள்ளைகளுக்கோ இக்கட்டி அபூர்வம். ஆனால் வந்தால் ஏறக்குறைய நான்கில் அல்லது ஐந்தில் ஒன்று புற்றுநோயாக இருக்கிறது. இந்தப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. ஆகவே வலிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் எடுத்து, மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்துப் பரிசோதித்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

அயோடின் உப்பு சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலையை அந்த உப்பு தடுக்கும். ஏற்கெனவே உள்ள கட்டியைக் கரைக்காது.

புற்றுநோய் என்றாலும் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, சுற்றுப்புறப் பிள்ளைகள் கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்தார்கள். அன்று சிறுவர்களாயிருந்தவர்களில் 2005 வரை 6,000-க்கும் அதிகமானோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டது. அவர்களில் அதுவரை அந்நோயால் மரித்தவர்கள் 15 பேர் என்று ஐக்கிய நாடுகள் சபையின் விஞ்ஞானக் குழு அறிவித்தது. கழுத்து நெறிகளுக்குப் பரவியிருந்தாலும், அறுவை சிகிச்சையாலும், தேவையானால் கதிரியக்க அயோடின் மருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். சுரப்பியை முழுவதும் அகற்றினால் ஆயுள் முழுவதும் தினம் ஒரு மாத்திரை போதும்.

அந்தத் தாய் கடைசியில் சம்மதித்தார். மகளுடைய கட்டி புற்றுநோயல்ல என்று முடிவு வந்தது. ஆயினும் சில மாதங்கள் கழித்து மறுபடியும் ஸ்கேன் பார்க்க வேண்டும். மலையிலிருந்து இறங்கிவந்தால் ஒரு நாள் கூலி போய்விடும்; பஸ் கட்டணமும் வேண்டும். அந்த இரண்டாம் பயணம் நின்றுபோகாதபடி தாங்குவது உங்கள் காணிக்கையே.

இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் வீட்டிலும் ஞாயிறு பள்ளியிலும் உள்ள பிள்ளைகளின் கழுத்தைக் கவனியுங்கள். கட்டி தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். மலையிலுள்ள பிள்ளைகளை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.