ஒட்டியும் ஒவ்வாத பொன்

சுவர்ணா என்றால் பொன். ஆனால் அந்தப் பெயர் கொண்ட நெல்லைக் குத்தினால் கிடைப்பது வெள்ளை அரிசிதான். ஆந்திரத்தின் மார்ட்டேரு ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, எம்.டி.யு. 7029 என்ற எண்ணோடு 1980களில் வயலுக்கு வந்து, கிழக்கிந்தியா முழுக்கப் பரவிய ரகம் அது. இதன் அரிசியையும் பொன்னிறமாக்கிவிடலாம் என்று டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இறங்கினார்கள். அரிசி மஞ்சளாகத்தான் வந்தது. ஆனால் பயிர் குட்டையாகிப் புதர்போல அடர்ந்தது, இலை வெளுத்தது, கதிர் சிறுத்து மகசூல் சரிந்தது.

2017இல் அவர்களே வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தத் தோல்வி முழு விவரத்தோடு பதிவாகியிருக்கிறது. வெற்றிச் செய்திகளைவிட இதிலிருந்து கற்க வேண்டியது அதிகம்.

முதலில் முன்கதை. சூரிச்சின் விஞ்ஞானி இங்கோ போட்ரிகுஸும் ஃப்ரைபர்க்கின் பீட்டர் பேயரும் 2000ஆம் ஆண்டில் முதல் தங்க அரிசியை உலகுக்கு அறிவித்தார்கள். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமியான பீட்டா கரோட்டின் நெற்பயிரின் இலையில் உண்டு, அரிசியில் கிடையாது. டாஃபடில் பூச்செடியிலிருந்து ஒரு மரபணு, மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றிலிருந்து இன்னொன்று என்று இரண்டைப் புகுத்தி, அரிசியிலும் அதைச் சுரக்க வைத்தார்கள். பீட்டா கரோட்டினும் அதன் உறவு நிறமிகளுமாகக் கிடைத்த அளவு ஒரு கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம்தான். 2005இல் சின்ஜென்டா நிறுவனத்தார் டாஃபடிலை விட்டுவிட்டு மக்காச்சோள மரபணுவைப் பயன்படுத்தியபோது அது 37 வரை ஏறியது. இந்த இரண்டாம் தலைமுறைக்குத்தான் ஜி.ஆர்.2 என்று பெயர். அதை ஏற்றியது கேபானெட் என்ற அமெரிக்க ரகத்தில். நம் ஊர் விவசாயி அதைப் பயிரிடப்போவதில்லை, நம் ஊர் வாய்க்கு அதன் சோறு பிடிக்கப்போவதும் இல்லை. எனவே அந்த மரபணுவை உள்ளூர் ரகங்களுக்குக் கடத்த வேண்டியிருந்தது.

கடத்தும் வழி பழைய வழிதான், பின்கலப்பு. கேபானெட்டின் மகரந்தத்தைச் சுவர்ணாவில் சேர்த்தால் பிறக்கும் பிள்ளையில் இருவருக்கும் பாதிப் பங்கு. அந்தப் பிள்ளையை மறுபடி சுவர்ணாவோடு சேர்த்தால் அந்நியப் பங்கு கால். இன்னொரு முறை சேர்த்தால் அரைக்கால். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றிலேயே டி.என்.ஏ. சோதனை செய்து, பொன் மரபணு உள்ள செடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுவார்கள். கடைசியில் செடியைத் தன் மகரந்தத்தாலேயே விதை கட்ட விடுவார்கள். மெண்டல் கணக்குப்படி நான்கில் மூன்று செடி மரபணுவைச் சுமக்கும். அவற்றில் ஒன்றுக்கு இரு பிரதிகளும் இருக்கும். அதுதான் நிலைத்த ரகம்.

சுவர்ணாவில் இந்தக் கடத்தலே தவறிப்போனதோ என்று தோன்றலாம். இல்லை. மரபணு தலைமுறைதோறும் ஒழுங்காகவே இறங்கியது. கோளாறு அது குடியிருந்த இடத்தில்.

வெளியிலிருந்து புகுத்தும் மரபணு குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பது அநேகமாகத் தற்செயல். ஒவ்வொரு புகுத்தலையும் இத்துறையினர் தனித்தனி ‘ஈவென்ட்’ என்பார்கள். சுவர்ணாவுக்கு வந்தது ஜி.ஆர்.2-ஆர்1. அது நெல்லின் ஓஎஸ்-ஆக்ஸ்1 என்ற மரபணுவின் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை செல்லுக்குள் அழைத்துவரும் புரதத்தை உண்டாக்குவது இந்த மரபணுவின் வேலை. அது உடைந்தால் வேர், தண்டு, கதிர் எல்லாவற்றின் கணக்கும் தப்பும்.

பின்கலப்பால் நீக்கவே முடியாத குறை இது. நன்கொடைச் செடியின் வேண்டாத குணங்கள் குரோமோசோமில் எத்தனை அருகில் இருந்தாலும், போதுமான செடிகளை வளர்த்துத் தேடினால் கழன்ற ஒன்று கிடைத்துவிடும். இங்கே நன்மையும் தீமையும் ஒரே இடம். மஞ்சள் வேண்டுமென்றால் உடைந்த மரபணுவும் கூடவே வரும். அதோடு, இப்படிப்பட்ட குறை பின்கலப்பு நடக்கும்வரை தலைகாட்டாமலும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் சுவர்ணாவிடமிருந்து நல்ல பிரதி ஒன்று வந்து ஈடுகட்டும். ரகத்தை நிலைப்படுத்தி இரு பிரதிகளும் உடைந்ததாக அமையும்போதுதான் சாயம் வெளுக்கும்.

இதோடு ஒரு கசிவும் இருந்தது. அரிசியில் மட்டும் இயங்கும்படி பூட்டியிருந்த மரபணு இலையிலும் கொஞ்சம் விழித்துக்கொண்டது. பச்சையத்துக்கும் ஜிப்ரலின் ஹார்மோனுக்கும் பீட்டா கரோட்டினுக்கும் மூலப்பொருள் ஒன்றே. ஒரு பக்கம் அள்ளினால் மறுபக்கம் குறையத்தானே செய்யும்?

மரபணு உள்ளே இருந்தும் வாய் மூடிக்கொள்ளும் தோல்வியும் உண்டு. 1990இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், மக்காச்சோள மரபணு ஏற்றிச் செங்கல் நிறமாக்கிய பெட்டூனியாச் செடிகளை ஏறத்தாழ 30,000 எண்ணிக்கையில் வெளியில் நட்டார்கள். வெயில் ஏறிய கோடையில் பல செடிகளின் பூக்கள் வெளிறின. மரபணு எங்கும் ஓடிவிடவில்லை. அதன் இயக்கு பகுதியில் மெத்தில் என்ற வேதி முத்திரை விழுந்து அது அடங்கிப்போயிருந்தது. ஒரே செடியில் முன்பு பூத்தது சிவப்பு, பின்பு பூத்தது வெளுப்பு என்றும் கண்டார்கள். கண்ணாடிக் கூடத்தில் தேறியதை வயலில் மறுபடி சோதிக்க வேண்டும் என்று சொல்வது வெறும் சடங்கில்லை.

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சுவர்ணாவில் ஏற்றிய அதே ஆர் வகையைப் பல இடங்களில் பயிரிட்டுப் பார்த்து, உள்ளூர் ரகங்களைவிட விளைச்சல் குறைவு என்று 2014இல் ஒப்புக்கொண்டது. பிறகு ஜி.ஆர்.2-இ பக்கம் திரும்பியது. இதில் மரபணுத் தொகுப்பு ஒரே பிரதியாக, நெல்லின் சொந்த மரபணு எதையும் வெட்டாமல் அமர்ந்திருக்கிறது. ஐ.ஆர்.64, பிலிப்பைன்ஸின் பி.எஸ்.பி. ஆர்.சி.82, வங்கதேசத்தின் பிரி தான்29 ஆகிய மூன்றிலும் பின்கலப்பு செய்தபோது பயிர் தாய் ரகத்தைப் போலவே நின்றது, அரிசி மட்டும் மஞ்சள்.

எதிர்ப்பாளர்கள் சுவர்ணாவைக் காட்டி எல்லாத் தங்க அரிசியையும் தள்ளுகிறார்கள். ஆதரவாளர்களோ ஆர்1 கைவிடப்பட்ட பழைய கதை என்று கடந்துபோகிறார்கள். இரண்டுமே சரியில்லை. ஆர்1 கெட்டது என்பதால் இ கெட்டதாகிவிடாது. ஆனால் ஆர்1இல் இருந்த உடைப்பு கலப்பெல்லாம் முடிந்த பிறகு தெரியவந்தது என்பது அசட்டை செய்யக்கூடிய விஷயமில்லை. மரபணு போய் உட்கார்ந்த இடத்தின் டி.என்.ஏ. வரிசையை முதல் நாளே படித்துப் பார்த்திருந்தால் பல பருவ உழைப்பு மிஞ்சியிருக்கும்.

2021 ஜூலையில் பிலிப்பைன்ஸ் அரசு ஜி.ஆர்.2-இ நெல்லை வணிகரீதியாகப் பயிரிட அனுமதித்தது. உலகில் அப்படி அனுமதித்த முதல் நாடு அதுதான். பாதுகாப்பு குறித்து விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை என்று கூறி, 2024 ஏப்ரலில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது.