ஒக்கலிபுரத்து மழை எங்கே போகிறது?

கர்நாடகத்துப் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் என்பது ஒரு கூட்டுக் குடும்பம். வரலாறு, அரசியல் அறிவியல், சமூகவியல், பொருளியல், வணிகவியல் எல்லாம் இருக்கும் அந்த வீட்டில் புவியியலுக்கும் ஒரு மூலை உண்டு. தேர்வில் இந்திய வரைபடத்தைக் கையால் வரைந்து நர்மதையையும் கடகரேகையையும் குறிக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் திரும்பத் திரும்ப வரைந்து பழகி, குஜராத்தின் வளைவு பிசகாமல் போட்டுவிடுகிறார்கள். பாராட்ட வேண்டிய உழைப்புதான். ஆனால் அதே பிள்ளையிடம், “உங்க தெருவுல ஓடுற மழைத்தண்ணி எந்த ஆத்துக்குப் போகுது?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. யாரும் சொல்லித் தராததை அது எப்படிச் சொல்லும்?

பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டி, ஸ்ரீராமபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஒக்கலிபுரம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் வட்டாரம். மழை வலுத்தால் இங்கே ரயில் பாதைக்குக் கீழே போகும் சாலையில் தண்ணீர் நிற்கும். பைக்கைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கலாம். ‘சாக்கடை அடைப்பு’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அடைப்பும் காரணம்தான். ஆனால் அதற்கு முந்தைய காரணம் நிலத்தின் சாய்வு. மல்லேஸ்வரத்து மேட்டில் விழும் மழை இறங்கி வருவது இந்தப் பக்கம்தான். சற்றுத் தெற்கே மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் நிற்பதே தர்மாம்புதி ஏரியின் மடியில். ஏரியை மூடிவிட்டோம், பள்ளம் இன்னும் பள்ளமாகவே இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் ‘நீர்ப்பிரிமேடு’ என்று ஒரு சொல் வரும். அதற்குப் படம் தேடி வேறெங்கும் போக வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரே அப்படியொரு மேட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் அந்த முதுகுக்கு மேற்கே விழும் துளி, ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்கள் வழியாக விருஷபாவதி ஆற்றில் சேரும். அது மைசூர் சாலையோரம் கறுத்து ஓடி, பிடதி அருகே பைரமங்கலா ஏரியைத் தொட்டு, அர்க்காவதியில் கலக்கும். அர்க்காவதி மேகதாதுவுக்குச் சற்று முன்னால் சங்கமா என்ற இடத்தில் காவிரியில் விழும். பிறகு ஒகேனக்கல், மேட்டூர்.

ஒக்கலிபுரம் இந்த மேற்குச் சரிவைச் சேர்ந்தது. அங்குள்ள வீட்டுக் குழாய்களில் வரும் தண்ணீரும் காவிரிதான். சங்கமத்துக்கு மேலே சிவசமுத்திரம் பக்கத்தில் எடுத்து, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம் பம்புகளால் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். காவிரியை மின்சாரம் செலவழித்து மேலே இழுக்கிறோம். குளித்துத் துவைத்த பிறகு அழுக்காக்கிக் கீழே அனுப்புகிறோம். ஒரே ஆற்றின் இந்தச் சுற்றில் உயர வேறுபாடு, நீரேற்றம், மாசு, மாநிலங்களின் நதிநீர்ப் பங்கீடு என்று புவியியலின் பாதிப் பாடத்திட்டம் அடங்கிவிடுகிறது.

மேட்டின் கிழக்குப் பக்கம் இன்னொரு கதை. அல்சூரில் விழும் மழை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகும். பெல்லந்தூரில் நுரை பொங்கியதும் ஏரியே தீப்பிடித்ததும் நாடு முழுக்கச் செய்தியானது. அதே ஆற்றில் இருக்கும் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் வெள்ளை நுரை மலைபோல் எழும் படங்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் போடுகின்றன. இரண்டும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள் என்று எந்த வகுப்பில் சொல்கிறோம்? அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர். பெங்களூரு எந்தப் பக்கம் தண்ணீரைக் கொட்டினாலும் அது தமிழ்நாட்டுக்குத்தான் வந்து சேர்கிறது.

இதைச் சொல்லித்தரப் பெரிய செலவில்லை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் ஒன்று போதும். அதில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடும். பள்ளி இருக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, கோடுகள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று விரலால் தொட்டுப் பார்க்கட்டும். அடுத்த மழை நாளில் வாசலில் நின்று அது சரிதானா என்று பார்க்கட்டும். சென்னையில் 1926-ல் புவியியல் சங்கம் தொடங்கியவர்கள் பள்ளிப் புவியியலை வளர்க்க வேண்டும் என்ற கவலையோடு கூடியவர்கள். அந்தக் கவலை இன்றைக்கும் நமக்கு வேண்டும்.

கணக்கும் இதில் சேரும். பெங்களூரின் ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஓராண்டில் விழுவது சுமார் 48,500 லிட்டர். 2024 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த குடும்பத்துப் பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டால், அடுத்த கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போனது என்று பிள்ளையே கேட்கும்.