பாதியில் நின்ற கொடியின் கதை

ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் பசுமலையில் திருமங்கலம் சாலைப் புழுதி வீட்டுக்குள்ளேயே வந்து படியும். தும்மல், கண் அரிப்பு, வீசிங் உள்ளவர்களுக்குப் பொல்லாத காலம். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் தோலிலும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. 1878இல் பால் எர்லிக் தம் முனைவர் பட்ட ஆய்வில் விவரித்தவை இவை. ஒவ்வாத பொருள் பட்டதும் தம்முள் வைத்திருக்கும், தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். நாம் போடும் செட்ரிசின், கொட்டிய ஹிஸ்டமின் வேலை செய்யாமல்தான் தடுக்கிறது. கொட்டுவதையே நிறுத்த முடியாதா?

முடியும் என்று காட்டியது ஒரு செடி. எகிப்தில் சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயம் வைத்துக் குடித்த அம்மி விஸ்நாகாவில் கெல்லின் என்ற பொருள் இருக்கிறது. அதை மாற்றியமைத்துப் புதுப்புதுச் சேர்மங்களை பிரிட்டனில் உருவாக்கினார்கள். அந்தப் பணியில் இருந்த டாக்டர் ரோஜர் அல்துன்யான் ஆஸ்துமாக்காரர். கினிப்பன்றி முடியின் சாற்றை முகர்ந்து தமக்கே மூச்சுத்திணறலை வரவழைத்து, ஒவ்வொரு சேர்மத்தையும் தம் மேலேயே சோதித்தார். பல ஆண்டுகள் பாடுபட்ட பின் 1965இல் கிடைத்தது, மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டாமல் தடுக்கும் குரோமோகிளைகேட். கண் அலர்ஜிக்கு இன்றும் அது சொட்டு மருந்தாக இருக்கிறது.

நம்மிடமும் ஒரு கொடி உண்டு. எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த நஞ்சறுப்பான். தாவரவியலில் டைலோபோரா இண்டிகா. இரைப்புக்கு நாட்டு வைத்தியத்தில் கொடுப்பார்கள். 1960களின் இறுதியில் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் டாக்டர் சிவ்புரி குழு, ஆஸ்துமா நோயாளிகளை தினம் ஓர் இலை வீதம் ஆறு நாள் மெல்லச் சொன்னது. வார முடிவில் 62 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. போலி இலை மென்றவர்களில் 28 சதவீதம். 1981இல் லலிதா காமேஸ்வரன் உள்ளிட்ட மருந்தியலாளர்கள் இதன் ஆல்கலாய்டுகளை குரோமோகிளைகேட்டோடு ஒப்பிட்டு, இவையும் மாஸ்ட் செல்கள் உடையாமல் காப்பதை ஆய்வகத்தில் கண்டார்கள்.

ஆனால் 1979இல் வெளியான இன்னொரு மருத்துவ ஆய்வில் இலைக்கும் போலி மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே தெரியவில்லை. இப்படி முரண்படும் இடத்தில்தான் பெரிய ஆய்வு தேவை. எந்த ஆல்கலாய்டு, எவ்வளவு, யாருக்கு என்று பிரித்தறிய வேண்டும். கெல்லினுக்குக் கிடைத்த அந்தப் பொறுமை நம் கொடிக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

சின்ன வெங்காயத்திலும் முருங்கைக் கீரையிலும் உள்ள குவெர்செடினும் ஆய்வகத்தில் மாஸ்ட் செல்களை அடக்குகிறது. தட்டில் வளர்த்த செல்லுக்குக் கிடைக்கும் அளவு, சாப்பாட்டு வழியாக ரத்தத்தில் சேர்வதில்லை. கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம்; மருந்தாக நம்பக் கூடாது.

நஞ்சறுப்பானோ வாயைப் புண்ணாக்கும், ருசி போகும், குமட்டி வாந்தி வரும். சிவ்புரியின் நோயாளிகளிலேயே பலருக்கு அப்படி ஆனது. வேலியில் பறித்து மெல்லுகிற இலை அல்ல அது. டாக்டர் தந்த இன்ஹேலரை அதற்காக ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். உதடும் நாக்கும் வீங்கி மூச்சு முட்டினால் எந்தப் பச்சிலையும் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி.